மாதா கோயில் குழாயடி

லெட்சுமியின் வாளி மஞ்சள் நிறம். கைப்பிடி எப்போதோ உடைந்துபோய், அந்த இடத்தில் நீல நைலான் கயிற்றை முறுக்கிக் கட்டியிருந்தாள். அந்த வாளியை வெறுமையாகத் தூக்கிக்கொண்டு அவள் எங்கள் மாதா கோயில் கேட்டைத் தாண்டித் திரும்பிப் போனாள். நான் குழாயடியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன். திருப்பி அனுப்பியவள் நான்தான்.

காலை ஏழு மணி இருக்கும். என் ஒரு கையில் கோயில் சாவி. இன்னொரு கையில் பட்டணத்துப் பெரிய கோயிலின் பங்கு ஆபிசிலிருந்து கொடுத்த குடும்பப் பட்டியல். குழாய்க்கு முன்னால் தோட்டத்து வரிசை வீடுகளான லயத்துச் சனங்கள், இருபத்திரண்டு வீட்டுக்காரர்களும் வாளியோடு நிற்கிறார்கள். என் பட்டியலில் இருந்ததோ மூன்று பெயர். ஆரோக்கியம் குடும்பம், சூசை குடும்பம், மூன்றாவதாக என் குடும்பம். பள்ளிக்கூடத்து டீச்சர் மாதிரி சத்தமாக வாசித்தேன். மூன்று பேரும் பிடித்து முடித்ததும் குழாயைப் பூட்டினேன்.

வரிசையில் முதலில் நின்றவள் லெட்சுமி.

"அக்கா, எம்பேரு வரலியே?"

"இது கோயில் லிஸ்ட் லெட்சுமி. லோரித் தண்ணி வரும்னு சொன்னாங்கல்ல, பாரு."

"சரிக்கா."

அவ்வளவுதான். என்னை நாலு வார்த்தை ஏசியிருந்தால் தேவலை என்று இருந்தது. ஏசவில்லை. வாளி காலில் இடிக்க இடிக்க நடந்து போனாள். லோரித் தண்ணீர் வராது என்று அவளுக்கும் தெரியும், எனக்கும் தெரியும்.

இந்தத் தொடரில் இதுவரை என் பெருமைகளை நிறைய எழுதிவிட்டேன். போன வாரம் படித்துவிட்டு சுங்கை லாலாங்கிலிருந்து ஒரு தங்கச்சி, "நீங்க தப்பே பண்ணினதில்லையாக்கா?" என்று கேட்டு அனுப்பியிருந்தாள். கேட்டுவிட்டாயல்லவா, இந்தா வாங்கிக்கொள்.

சாவி என் இடுப்புக்கு வந்த கதை

புதிதாகப் படிக்கிறவர்களுக்காக ஒரு வார்த்தை. என் பெயர் ஞானம்மாள். கெடா மாநிலத்தில் கோலா கெத்தில் பக்கத்தில் பிறந்து, கல்யாணமாகி, பாடாங் செராய்க்கு வெளியே இருந்த ஒரு தோட்டத்துக்கு வந்தவள். ரப்பர்ப் பால் மரம் வெட்டினேன். மரத்தையெல்லாம் சாய்த்துவிட்டு எண்ணெய் எடுக்கும் செம்பனை போட்ட பிறகு உதிரிப்பழம் பொறுக்கினேன். அப்புறம் ஃபேக்டரி பஸ் ஏறினேன். முட்டி தேய்ந்த பிறகு சின்ன மாதா கோயிலின் சாவியை என் இடுப்பில் செருகிவிட்டார்கள்.

கோயில் என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம். நாலு சன்னல், தகரக் கூரை, முப்பது பேர் உட்கார்ந்தால் மூச்சு முட்டும். பழைய வெள்ளைக்காரத் துரை ஒருவர் அந்தத் துண்டு நிலத்தை எழுதிக் கொடுத்தாராம். ஐம்பது அடி தள்ளி மாரியம்மன் கோயில்.

எங்களுக்கு மணி வாங்க வசதி இல்லை. தோட்டத்து ஆபிசில் ஒரு தண்டவாளத் துண்டு தொங்கும். அதைத்தான் விடியற்காலையில் அடித்து, ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குக் கூப்பிடுவார்கள். பேர் கொடுக்க ஒரு நிமிடம் பிந்திப் போனால், வேலையை மேற்பார்க்கும் மண்டோர் நம்மை வீட்டுக்குத் திருப்பி அனுப்பிவிடுவான். தோட்டம் படுத்துப் பெரட்டு நின்றபோது அந்த இரும்பைக் கொண்டுவந்து கோயில் முன்னால் கட்டினோம். அந்தச் சத்தம் கேட்டால் எனக்கு இன்னமும் வயிற்றில் ஒரு பயம் வரும். பூசைக்குத்தான் அடிக்கிறோம் என்று மனசுக்குச் சொல்லிக்கொள்வேன்.

பலகாரத் தட்டு

தீபாவளிக்கு லெட்சுமி வீட்டு முறுக்கு எங்கள் வீட்டில். கிறிஸ்மஸுக்கு எங்கள் கேக்கு அவள் வீட்டில். நோன்புப் பெருநாளுக்கு பாடாங் செராய் கனி பாய் கடையிலிருந்து பிரியாணி. மலேசியாவில் யாரைக் கேட்டாலும் இந்தக் கதையைச் சொல்வார்கள், பொய்யும் இல்லை. மேடையில் பேசுகிறவர்களுக்கு மிகவும் பிடித்த கதை.

மாரியம்மன் கோயில் பொங்கலையும் நான் சாப்பிடுவேன். என் அம்மா தொடமாட்டாள். அதனால் எனக்கு ஓர் உறுத்தல். ஒருமுறை பாவசங்கீர்த்தனத்தில் சொல்லிவிட்டேன். அப்போதிருந்த கிழவர் சாமியார், "நெய் நெறைய போட்டிருந்தாங்களா?" என்றார். ஆமாம் என்றேன். "அப்ப சாப்பிடு போ" என்று அனுப்பிவிட்டார்.

பலகாரத் தட்டு மாற்றிக்கொள்வதில் எங்களுக்குச் சிரமமே இருந்ததில்லை. மிச்சம் இருக்கும்போது யாருக்குத்தான் சிரமம்? எங்களைச் சோதித்தது குழாய்.

சேர்மன் சொன்ன நியாயம்

கொரோனாவுக்குப் போட்ட எம்சிஓ அடைப்பு முடிந்து ஓரிரண்டு வருடம் இருக்கும். தோட்டத்தை வாங்கிய கம்பெனி, லயத்தில் மிச்சமிருந்த இருபத்திரண்டு குடும்பத்துக்கும் பக்கத்து டாமான் குடியிருப்பில் வீடு தருவதாகச் சொல்லியிருந்தது. வீடு பாதி கட்டி நின்றது. ஆனால் லயத்தை உடனே இடிக்க வேண்டுமாம், எங்காவது வாடகைக்குப் போய் இருங்கள் என்றார்கள். வெளியே போனால் வீடு கைக்கு வராது என்று பக்கத்துத் தோட்டங்களில் பட்டுத் தெரிந்துகொண்ட சனங்கள். "சாவி கையில குடுங்க, அன்னிக்கே எறங்கறோம்" என்று எல்லாரும் ஒரே பேச்சாக நின்றோம்.

மறு வாரம் லயத்துப் பைப்பில் தண்ணீர் நின்றது. ரிப்பேராம். கெடாவில் அது வறட்சி மாதம். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் இல்லை.

மாதா கோயிலுக்கு மட்டும் தனி மீட்டர், தனிப் பைப்பு. ஆனால் அந்தப் பைப்பு கம்பெனி நிலத்தின் வழியாக வருகிறது. அதற்கு அனுமதி கொடுத்த பழைய கடிதத்தில் ஒரு வரி உண்டு: இந்தத் தண்ணீர் வழிபாட்டுக்கு மட்டும்.

எங்கள் பங்குப் பேரவைத் தலைவர் தைரியநாதன் அண்ணன். எல்லாரும் சேர்மன் என்போம். அவர் எனக்குப் போன் போட்டார்.

"ஞானம், நம்ம ஆளுங்களுக்கு மட்டும் தண்ணி வுடு. பேர வாசிச்சு வுடு. கேட்டா, கோயில்காரங்கன்னு சொல்லிக்கலாம். மத்தவங்களுக்கு வுட்டேன்னா அந்த ஒரு வரிய வச்சே கம்பெனிக்காரன் பைப்பையும் புடுங்குவான், அப்புறம் கோயிலுக்கே வழி இல்லாமப் பண்ணிடுவான்."

அவரைக் கெட்டவராக நினைத்துவிடக் கூடாது. அந்தத் தகரக் கூரையில் ஒவ்வொரு தகட்டையும் அவர்தான் ஏறி அடித்தார். ஒருமுறை விழுந்து இடுப்பு ஒடிந்து மூன்று மாதம் படுக்கையில் கிடந்தார். கோயில் போய்விடுமோ என்ற பயம் அவருக்கு உண்மையானது. எனக்கும் அந்தப் பயம் இருந்தது. அதனால்தான் பட்டியலை வாசித்தேன்.

வெள்ளிக்கிழமைப் பொங்கல்

லெட்சுமியை வெறும் வாளியோடு அனுப்பியது வியாழக்கிழமை. வெள்ளிக்கிழமை காலை அவள் என் வீட்டு வாசலில் நிற்கிறாள். கையில் வாழையிலை மூடிய தட்டு.

"கோயில் பொங்கல்க்கா. சூடா இருக்கு, சாப்டுடு."

மாரியம்மன் கோயிலில் விளக்கேற்றுவது அவள்தான். வெள்ளிக்கிழமை பொங்கல் அவள் கைப் பொங்கல். வழக்கம்தான். ஆனால் எனக்குச் சுருக்கென்றது.

"பொங்கல் வைக்கத் தண்ணி ஏது லெட்சுமி?"

"பாய் கடையிலேர்ந்து ரெண்டு தோங் தண்ணி மோட்டார் சைக்கிள்ல கட்டிக் கொண்டாந்தேன். கேட்டேன், 'எடுத்துட்டுப் போம்மா, தண்ணிக்கெல்லாமா கேப்பாங்க'ன்னாரு."

அவள் கனி பாய் கடையில் பாத்திரம் கழுவுகிறவள். அது நோன்பு மாதம். பகலெல்லாம் ஒரு சொட்டு நாக்கில் படாமல் இருக்கிற மனுஷன், அடுத்தவள் அடுப்புக்குத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். அவள் அதை வீட்டுக்குக் குடிக்க வைத்துக்கொள்ளாமல் பொங்கல் வைத்திருக்கிறாள். அதில் ஒரு பங்கை, முந்தின நாள் தன்னைத் திருப்பி அனுப்பியவளுக்குக் கொண்டுவந்திருக்கிறாள்.

ஒரு வாய் எடுத்தேன். எனக்கு என் மேலேயே அப்படி ஒரு கோபம் வந்தது.

நானோ தவக்காலத்தில் ஒருபொழுது இருப்பவள். வெள்ளி தவறாமல் சிலுவைப் பாதை. ஞாயிறு தவறாமல் பூசை. இத்தனையும் செய்துவிட்டு முந்தின நாள் காலை நான் நல்லவளாக இல்லை. அவள் நல்லவளாக இருந்தாள், பாயும் நல்லவராக இருந்தார். அப்படியென்றால் நல்லது என்பது எங்கள் கோயில் பெட்டிக்குள் பூட்டி வைத்த சாமான் இல்லை. இத்தனை வயதில் இது எனக்கு அன்றைக்குத்தான் உறைத்தது.

தட்டை மூடி வைத்தேன். சாவியை எடுத்தேன். நேரே போய்ப் பெரட்டு இரும்பை அடித்தேன் பாருங்கள், கை வலிக்க அடித்தேன். சனங்கள் என்னவோ ஏதோ என்று ஓடி வந்தார்கள்.

"வாளி எங்க? வாளி எடுத்துட்டு வாங்க எல்லாரும்!"

பட்டியலைத் திருப்பிப் போட்டு, வெள்ளையாக இருந்த பின்பக்கத்தில் மிச்சம் பத்தொன்பது குடும்பத்தையும் என் கையாலேயே எழுதினேன். கோழிக் கிறுக்கல்தான். முதல் பெயர் லெட்சுமி. அந்தத் தாளை அப்படியே பட்டணத்துப் பங்கு ஆபிசுக்கு அனுப்பிவைத்தேன். தண்ணீர் பிடிக்கிறவர்கள் பேரை எழுதி அனுப்பு என்றுதானே ஆபிசில் சொல்லியிருந்தார்கள்.

ஃபாதரிடமும் பதில் இல்லாத கேள்வி

ஈஸ்டருக்கு முந்தின ஞாயிறான குருத்து ஞாயிறு பூசை முடிந்ததும் சேர்மன் என்னைப் பிடித்துக்கொண்டார். பக்கத்தில் ஃபாதர் அமல். எங்கள் பங்குச் சாமியார். என் கடைசி மகன் வயது. சிலிப்பர் போட்டுக்கொண்டு மோட்டாரில் வருவார். தென் அமெரிக்காவில் காப்பித் தோட்டத்துக் கூலிகளோடு உட்கார்ந்து வேதம் வாசித்த சாமியார்களைப் பற்றி அடிக்கடி பிரசங்கத்தில் சொல்வார். கடவுள் நடுவில் நின்று வேடிக்கை பார்க்கிறவர் இல்லை, மிதிபடுகிறவன் பக்கம் வந்து நிற்கிறவர் என்று அவர்கள் கண்டுகொண்டார்களாம். அதற்கு விடுதலை இறையியல் என்று பெயராம். பெயர்தான் பெரிதாக இருக்கிறது, விஷயம் பெரட்டுக்கு நின்றவர்களுக்கு விளங்காததா என்று நான் கேலி செய்வேன். அரசியல் பேசுகிறார் என்று அவர் மேல் பட்டணத்தில் புகாரும் உண்டு.

"நான் கெட்டவன் இல்ல ஃபாதர்" என்றார் சேர்மன். "அந்தப் பத்தொம்போது குடும்பமும் நல்லவங்கதான். ஆனா நல்லவங்களா இருக்கறது வேற, நம்மவங்களா இருக்கறது வேற."

"கடைசி நாள்ல ஆண்டவர் நம்மகிட்ட என்னா கேப்பாரு சேர்மன்? எந்தப் பங்குன்னா? தாகமா இருந்தேனே, தண்ணி குடுத்தியான்னுதானே கேப்பாரு?"

"பிரசங்கத்துக்கு நல்லாருக்கு. கோயில் போச்சுன்னா உங்களுக்கு வேற ஊருக்கு மாத்தல் வந்துடும். நாங்க எங்க போயி முட்டி போடறது?"

நியாயமான கேள்வி. எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"குழாயடியில போடுவோம்ணே. தண்ணி குடுக்காத கோயிலுக்குள்ள போட்டா மட்டும் முட்டி வலிக்காதா?"

சேர்மன் முகம் சிவந்துவிட்டது. விறுவிறுவென்று போய்விட்டார்.

திங்கட்கிழமை கம்பெனி ஆபிசர் வந்தார். நம்ம ஆள்தான், கழுத்தில் அட்டை தொங்கவிட்டுக்கொண்டு, குழாயடி வரிசையைப் போனில் படம் பிடித்தார். "இது வழிபாட்டுக்கு மட்டும் குடுத்த தண்ணி. வியாழக்கிழமை அஞ்சு மணிக்கு ஆளோட வருவேன். இப்படியே இருந்தா அன்னிக்கே பைப்ப வெட்டிடுவோம்."

சேர்மன் காதுக்கு அது எட்டியது. போன் வந்தது. "வியாழக்கெழம நானே வந்து சாவிய வாங்கிக்கறேன். ஆபிசர் கண்ணு முன்னாலயே குழாயப் பூட்டிக் காட்டறேன். கோயிலாவது மிஞ்சட்டும்."

அன்று சாயங்காலம் ஃபாதர், லெட்சுமி, நான் மூவரும் குழாயடியில் நின்று தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தோம். லெட்சுமிதான் கேட்டாள்.

"ஏன் ஃபாதர், வழிபாடுன்னா என்னா? எங்க கோயில்ல ஆத்தாளுக்கு அபிஷேகம் பண்ற தண்ணியக் கடைசியில குடிக்கத்தான குடுக்கறோம்? சனங்க குடிச்சாத்தான் எங்களுக்குப் பூச முடியும். உங்களுக்கு எப்படி?"

ஃபாதர் அவளையே பார்த்தார். பிறகு படாரென்று நெற்றியில் அடித்துக்கொண்டு சிரித்தார்.

"வியாழக்கிழம என்னா நாள்னு தெரியுமாக்கா? பெரிய வியாழன்!"

பெரிய வியாழன்

இயேசு தம் சீடர்களின் காலைக் கழுவிய நாள் பெரிய வியாழன். அதன் நினைவாகச் சாமியார் பன்னிரண்டு பேரின் பாதத்தைக் கழுவுவார். எப்போதும் பட்டணத்துக் கோயிலில், பேரவை ஆட்கள் புதுச் சாக்ஸைக் கழற்றி வைத்துவிட்டு உட்காருவார்கள். வீட்டிலேயே நன்றாகத் தேய்த்துக் கழுவிய காலைத்தான் கொண்டு வருவார்கள்.

அந்த வருடம் பட்டணத்துப் பூசைக்கு முன்னால், சாயங்காலம் எங்கள் குழாயடியிலேயே பாதம் கழுவும் சடங்கை வைத்தார் ஃபாதர். பன்னிரண்டு பிளாஸ்டிக் நாற்காலி. எல்லாம் மாரியம்மன் கோயில் இரவல், முதுகில் ஆத்தா பெயர் எழுதியது. சுற்றிலும் இருபத்திரண்டு வீட்டு வாளி, தோங், சட்டி. கூட்டத்துக்கு முன்னால் ஃபாதர் சொன்னார்: "கால் கழுவறதும் வாளி நெறைக்கறதும் இன்னிக்கி ஒரே பூசைதான்."

எல்லாம் யோசித்தவர் ஒன்றை யோசிக்கவில்லை. நானும் யோசிக்கவில்லை. உட்கார்ந்திருந்தவர்களில் ஒன்பது பேர் மாரியம்மன் கோயில்காரர்கள். சாமியார் தங்கள் காலைத் தொட அவர்கள் விடுவார்களா?

முதல் நாற்காலியில் முனியாண்டி அண்ணன், செம்பனைக் குலை வெட்டுகிறவர். ஃபாதர் குனிந்ததும் இரண்டு காலையும் நாற்காலி மேல் தூக்கிச் சம்மணம் போட்டுக்கொண்டார். "ஐயையோ சாமி, நீங்க தொடறதாவது!" அடுத்தவர் எழுந்து ஃபாதர் காலிலேயே விழப் போனார். ஃபாதர் தடுக்கக் குனிய, இரண்டு தலையும் டங்கென்று மோதிக்கொண்டன. ஃபாதர் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். சனங்கள் சிரித்த சிரிப்பில் காக்காயெல்லாம் பறந்தது.

அந்த நேரம் பார்த்துத்தான் ஆபிசரின் கார் வந்து நின்றது. பின்னால் ஸ்பேனரோடு இரண்டு பேர். சேர்மன் ஏற்கெனவே வந்து கேட்டுக்குப் பக்கத்தில் நின்றிருந்தார். என்னைப் பார்த்துக் கையை நீட்டினார். சாவி.

சிரிப்பு நின்றுபோனது. முனியாண்டி அண்ணனைப் பார்த்து மற்றவர்களும் தூக்கிக்கொண்டதில் ஒரு காலும் தரையில் இல்லை. ஒரு பாதமும் கழுவவில்லை. இப்போது பார்த்தால் இது வழிபாடும் இல்லை, ஒன்றும் இல்லை, வாளியோடு நிற்கிற கூட்டம்.

பன்னிரண்டாவது நாற்காலி காலியாக இருந்தது. அது லெட்சுமிக்கு. அவள் உட்காரமாட்டேன் என்று ஓரமாக நின்றாள்.

"லெட்சுமி, வா இங்க. ஒக்காரு."

"வேணாங்க்கா. சாமியார் தொட்டா எனக்குப் பாவம்."

"சாமியார் வேணாம். நான் கழுவறேன்."

"நீ பெரியவ! உன்னக் கழுவ வுட்டு அந்தப் பாவம் எனக்கு வேணுமா?"

"அன்னிக்கு உன்ன வெறும் வாளியோட அனுப்புனேனே, அது பாவம் இல்லியா? அத நான் எங்க போயிக் கழுவறது? ஒக்காரு லெட்சுமி."

எல்லார் முன்னாலும் சொல்லிவிட்டேன். அவள் வந்து உட்கார்ந்தாள்.

தேய்ந்த முட்டியை ஊன்றி மண்ணில் உட்கார்ந்தேன். அவள் மஞ்சள் வாளியிலேயே தண்ணீர் பிடித்து, சிலிப்பரைக் கழற்றினேன். விரலிடுக்கெல்லாம் சேற்றுப்புண். நாள் முழுக்கக் கடை ஈரத்தில் நின்று பாத்திரம் கழுவுகிற கால். வீட்டுக்கு வந்தால் அதைக் கழுவத் தண்ணீர் இல்லை. நான் அழுதேன், அதில் என்ன வெட்கம். அழுதுகொண்டேதான் கழுவினேன். அவள் என் தலையில் கை வைத்தாள்.

நிமிர்ந்தபோது முனியாண்டி அண்ணன் காலைக் கீழே இறக்கியிருந்தார். "சரி சாமி, கழுவுங்க. திருப்பி நானும் உங்க காலக் கழுவுவேன், சம்மதமா?" ஃபாதர் சம்மதித்தார். அதன்பிறகு யார் யாருக்குக் கழுவினார்கள் என்று எனக்குத் தெரியாது. ஆரோக்கியம் முனியாண்டி வீட்டுக்காரிக்கு, அவள் சூசைக்கு. குழாய் நிற்கவே இல்லை.

ஆபிசர் தொண்டையைக் கனைத்தார். சேர்மனிடம் திரும்பினார்.

"கோயிலுக்குப் பொறுப்பு நீங்கதான? நீங்களே சொல்லுங்க. இது வழிபாடா, தண்ணி புடிக்கறதா? என்னா சொல்றீங்களோ அதையே எழுதிக்கறேன்."

அந்த மனுஷன் வாயில்தான் இருபத்திரண்டு குடும்பத்துத் தண்ணீரும் இருந்தது. அவர் கூரையைப் பார்த்தார். தான் அடித்த தகரத்தைப் பார்த்தார். பிறகு லெட்சுமியின் காலைப் பார்த்தார். நீட்டியிருந்த கையை மெதுவாக மடக்கிக்கொண்டார்.

"வழிபாடுதான். எழுதிக்குங்க. இதுக்கு மேல பெரிய வழிபாடு எங்க கோயில்ல இல்ல. தெனம் காலையில ஏழு மணிக்கும் நடக்கும், அதையும் சேத்து எழுதுங்க."

சொல்லிவிட்டு ஷூவைக் கழற்றினார். பேண்டை முட்டிவரை சுருட்டினார். நிறைந்திருந்த ஒரு தோங்கைத் தூக்கி, ஒடிந்து கூடிய இடுப்போடு, லெட்சுமி வீட்டுக்கு நடந்தார். சனங்கள் கைதட்டினார்கள். யாரோ இரும்பை அடித்தார்கள். பழைய பெரட்டு இரும்புதான், ஆனால் அன்றைக்கு என் வயிற்றில் பயம் வரவில்லை.

ஆபிசர் எழுதிக்கொண்டு போனார். பைப்பை யாரும் வெட்டவில்லை. வீட்டுச் சாவி கைக்கு வரும்வரை தினமும் ஏழு மணிக்கு எங்கள் வழிபாடு நடந்தது. இருபத்திரண்டு குடும்பமும் ஒன்றுகூடக் குறையாமல், ஒரே நாளில், மேளம் வைத்து டாமானுக்கு நடந்து போனோம். மாதா கோயிலும் இருந்த இடத்தில்தான் இருக்கிறது.

இரண்டு பட்டியல்

அந்த வருடக் கிறிஸ்மஸுக்கு வேடிக்கை ஒன்று நடந்தது. நான் அனுப்பிய கோழிக் கிறுக்கல் தாளைப் பங்கு ஆபிசில் யாரோ கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டார்கள். இருபத்திரண்டு வீட்டுக்கும் பங்குச் சாமியார் வாழ்த்து அட்டை வந்து சேர்ந்தது. அட்டையைத் தூக்கிக்கொண்டு லெட்சுமி வந்தாள். இப்போது எனக்குப் பக்கத்து வீடு.

"என்னாக்கா, என்னையும் உங்க லிஸ்ட்ல ஏத்திட்டியா?"

எனக்குச் சங்கடமாகப் போய்விட்டது. மதம் மாற்றப் பார்த்தோம் என்று நினைத்துவிடுவாளோ என்று பயந்து, "தண்ணிக்கு எழுதுனது லெட்சுமி, தப்பா நெனைக்காத, எடுக்கச் சொல்லிடறேன்" என்று இழுத்தேன்.

"எதுக்கு எடுக்கணும்? எங்க அர்ச்சன நோட்டுல உன் பேரு இல்லியா?"

எனக்கு விளங்கவில்லை. மாரியம்மனுக்கு அர்ச்சனை செய்யும்போது லயத்து வீடுகளின் பெயரையெல்லாம் வாசிப்பார்கள், அது தெரியும். என் பெயர் அதில் எதற்கு?

"நீ கல்யாணம் ஆயி வந்த வருசமே பழைய பூசாரி எழுதிட்டாராம். லயத்துல ஒரு வீட்ட வுட்டுட்டு எப்படி வேண்டிக்கறதுன்னு. உங்க மூணு வீட்டுக்கும் நட்சத்திரம் தெரியாதா, ஆத்தா நட்சத்திரத்தையே சொல்லிடுவோம்."

"அந்த வெள்ளிக்கெழமயுமா?" என்றேன். "நான் உன்ன அனுப்புனதுக்கு மறுநாளுமா?"

"அன்னிக்கித்தான் தண்ணி வரணும்னு எல்லா வீட்டுக்கும் அர்ச்சன. பேரு வாசிச்ச வீட்டுக்கெல்லாம் பொங்கல் குடுக்கணும்ல? பின்ன எதுக்கு உன் வீட்டுக்குக் கொண்டாந்தேன்னு நெனச்ச?"

என்னை மன்னித்துக் கொண்டுவந்தாள் என்றல்லவா இத்தனை நாள் நினைத்திருந்தேன். அவள் என்னை விலக்கியே வைக்கவில்லை, அப்புறம் மன்னிப்பது எங்கே? என் பட்டியலில் மூன்று வீடு இருந்த அந்த வியாழக்கிழமையும் அவள் நோட்டில் இருபத்திரண்டு வீடு இருந்திருக்கிறது.

அடுத்த ஞாயிறு பூசையில் மன்றாட்டு வாசிக்கும் முறை எனக்கு வந்தது. இருபத்திரண்டு குடும்பத்தின் பெயரையும் ஒன்றுவிடாமல் வாசித்தேன். முதலில் லெட்சுமி குடும்பம். கனி பாய் குடும்பத்தையும் கேட்காமலேயே சேர்த்துக்கொண்டேன். வாசித்து முடித்ததும், "ஆண்டவரே, எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும்" என்று முதல் ஆளாக, கூரைத் தகரம் அதிர, ஒரு குரல் எழுந்தது. சேர்மனுடைய குரல் அது.